பழைய மீடியா சென்டர் அறை கையில் கிடைத்திருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

நெல்லைப்பெண்_டர்பன் | அக்டோபர் 7, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே, ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கிறேன். கல்யாணமாகி இங்கே வந்து 11 வருடம் ஆகிறது. மகள் கிரேடு 4, மகன் கிரேடு 1, இருவரும் ஒரே பிரைமரி பள்ளி. போன வருடம் பெற்றோர் சார்பில் எஸ்.ஜி.பி.க்கு, அதாவது பள்ளி நிர்வாகக் குழுவுக்கு, என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பள்ளியில் சுமார் 800 பிள்ளைகள், 24 வகுப்புகள். கட்டடம் கட்டும்போதே மீடியா சென்டர் என்று ஒரு பெரிய அறை ஒதுக்கியிருக்கிறார்கள். முதலில் நூலகமாக இருந்ததாம். பிறகு கம்ப்யூட்டர் லேப் ஆனது. கம்ப்யூட்டர்கள் திருடுபோன பிறகு உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டிவிட்டார்கள். போன வாரக் கூட்டத்தில் தலைமையாசிரியர், "ஜனவரியில் பள்ளி திறக்கும்போது அது மறுபடி நூலகமாக இருந்தால் நன்றாக இருக்கும், யார் பொறுப்பு எடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். கை தூக்கிவிட்டேன்.

உணவுத் திருவிழாவில் திரட்டிய 40,000 ராண்ட் கையில் இருக்கிறது. ஒரு சுவர் நெடுக பழைய மர அலமாரி. அட்டைப்பெட்டிகளில் கட்டிப்போட்ட புத்தகங்கள், எத்தனை என்று யாருக்கும் தெரியாது. உதவிக்கு நாலைந்து அம்மாக்கள் வருவார்கள்.

அலமாரி வாங்குவதா, புத்தகம் வாங்குவதா, கம்ப்யூட்டரா? எந்த சாஃப்ட்வேர் நல்லது? தமிழுக்கு ஒரு தட்டாவது ஒதுக்க ஆசை, அதற்கு எங்கே போவது?

ஊரில் நான் படித்த பள்ளியில் நூலகம் என்றால் பூட்டிய பீரோதான். கண்ணாடி வழியாகப் புத்தகங்களின் பெயரை மட்டும் படித்துவிட்டு வகுப்புக்குப் போவோம். பத்து வருடத்தில் ஒருநாள்கூட அது திறந்து பார்த்ததில்லை. என் பிள்ளைகளுக்கு அப்படி ஆகக் கூடாது.

சட்ஸ்வர்த்_ஆயா | அக்டோபர் 8, காலை 5.50

மகளே, கை தூக்கியது நல்ல காரியம். நான் 31 வருடம் டீச்சர் வேலை பார்த்தேன், அதில் 14 வருடம் மீடியா சென்டரில். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், ஒன்றும் வாங்காதே. டிசம்பர் வரை அந்தப் பணத்தைத் தொடாதே. தலைமையாசிரியரிடம் இரண்டு விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்கு. அந்த அறையில் தினமும் யார் இருப்பார்? ஒவ்வொரு வகுப்புக்கும் டைம்டேபிளில் எந்த நேரம்? இதற்குப் பதில் இல்லாமல் அலமாரி வாங்கினால், உடைந்த நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு நல்ல அலமாரியும் நிற்கும்.

ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு நடந்தது அது. எண்பதுகளில் எங்கள் பள்ளிகளில் மீடியா சென்டர் என்ற பெயர்தான். புத்தகம், ஸ்லைடு, ஒலிநாடா, சுவர்ப்படம் எல்லாம் ஒரே இடத்தில், ஒரே ஆசிரியர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்ற எண்ணம். அமெரிக்காவில் 1969ல் பள்ளி நூலகங்களுக்கு வகுத்த தரநிலைகளோடு பரவிய பெயர் அது. வாரத்துக்கு ஒரு பீரியட் ஒவ்வொரு வகுப்பும் என்னிடம் வரும். நிறவெறி அரசு எங்களுக்குக் கொடுத்தது வெள்ளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு, ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததைவிட அதிகம். அந்த அநியாயத்தின் நடுப்படியில்தான் என் நூலகம் இருந்தது, அதையும் மறக்கக் கூடாது.

1994க்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களைச் சமமாகப் பங்கிட வேண்டி வந்தது. அது நியாயம். ஆனால் பணம் போதவில்லை. வகுப்பில் நிற்காத ஆசிரியர் யார் என்று பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது நூலக ஆசிரியர். என்னைக் கணக்குப் பாடத்துக்கு மாற்றினார்கள். சாவி அலுவலகத்துக்குப் போனது. மூன்று வருடம் கழித்து உள்ளே போய்ப் பார்த்தேன். சுவரோரப் புத்தகமெல்லாம் பூஞ்சை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. அலமாரி அப்படியே இருந்தது. புத்தகமும் அப்படியே இருந்தது. ஆள் ஒருவர்தான் இல்லை. அன்றைக்கு நான் அழுதேன்.

உன் பள்ளிக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 24 வகுப்பு, வாரம் அரை மணி என்றால் 12 மணி நேரம். இரண்டு இடைவேளைக்கும் கதவு திறந்திருக்க வேண்டும், புத்தகம் அடுக்க, ஒட்ட, பதிவு செய்ய நேரம் வேண்டும். எல்லாம் சேர்த்து வாரம் 20 மணி. பள்ளி நடப்பது வருடத்துக்குச் சுமார் 40 வாரம். மார்ச் 2025ல் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட். நீ 35 கொடு. வருடத்துக்கு 28,000 ராண்ட் ஆகும்.

ஆமாம், உன் பணத்தில் பாதிக்கு மேல் ஓர் ஆளுக்குப் போகும். அப்படித்தான் போக வேண்டும். பள்ளிகள் சட்டம் 1996 எஸ்.ஜி.பி. சொந்தப் பணத்தில் ஆள் வைத்துக்கொள்ள இடம் தருகிறது. மெட்ரிக், அதாவது கிரேடு 12, முடித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைகள் நம் தெருவிலேயே எத்தனை பேர்! கதை சொல்லத் தெரிந்த ஒரு பெண்ணையோ பையனையோ பார்.

மிட்ராண்ட்_குமரன் | அக்டோபர் 8, இரவு 7.30

ஆயா சொன்னதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். ஆள் முக்கியம் என்பதில் மறுப்பே இல்லை. ஆனால் என்ன புத்தகம் இருக்கிறது என்று முதல் நாளே பதிவாகவில்லை என்றால் ஆறு மாதத்தில் பாதி காணாமல் போகும். இங்கே சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் 300 புத்தகம் வைத்திருந்தோம். பதிவேடு போட வேண்டும், போட வேண்டும் என்று ஒரு வருடம் தள்ளிப்போட்டோம். கடைசியில் எண்ணினால் 170.

கோஹா என்று ஒரு நூலக மென்பொருள் இருக்கிறது. நியூசிலாந்தில் ஒரு சின்ன ஊர் நூலகத்துக்காக உருவாக்கி, 2000ல் பயன்பாட்டுக்கு வந்தது. காசு கிடையாது, யூனிகோடு என்பதால் தமிழ்ப் பெயரையும் அப்படியே ஏற்றலாம். பார்கோடு ஸ்கேனர் ஒன்று இருந்தால் இரவல் கொடுக்க இரண்டு நொடி போதும். வேண்டுமென்றால் நான் தூரத்திலிருந்தே நிறுவித் தருகிறேன்.

சட்ஸ்வர்த்_ஆயா | அக்டோபர் 9, காலை 6.05

தம்பி, நல்ல மனசு. ஆனால் கோஹாவுக்கு ஒரு சர்வர் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், கரண்ட் வேண்டும். 2023ல் மின்வெட்டால் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இருட்டில் இருந்தோம் என்று உனக்கும் தெரியும். கம்ப்யூட்டர் திருடுபோன அறை அது, அதையும் மறக்காதே. முதல் வருடம் ஒரு தடித்த நோட்டு போதும். வரிசை எண், பெயர், எழுதியவர், வந்த தேதி, எங்கிருந்து வந்தது. அதே எண்ணைப் புத்தகத்திலும் எழுது. நோட்டு திருடுபோகாது.

உன் 130 புத்தகம் மென்பொருள் இல்லாததால் போகவில்லை. யார் எடுக்கிறார்கள் என்று பார்க்க ஆள் இல்லாததால் போனது.

மிட்ராண்ட்_குமரன் | அக்டோபர் 9, மதியம் 1.15

அது உண்மைதான். சரி, நடுவில் ஒரு வழி. முதலில் நோட்டு. நோட்டில் இருப்பதை வாரம் ஒருமுறை யாராவது ஒரு விரிதாளில் ஏற்றட்டும். பின்னால் கோஹா வேண்டும் என்றால் அந்த விரிதாளையே உள்ளே இறக்கிக்கொள்ளலாம், மறுபடி தட்ட வேண்டியதில்லை.

இரண்டு விஷயம் மட்டும் இப்போதே கவனியுங்கள். எல்லா மென்பொருளும் குடும்பப் பெயர் கேட்கும். நாயுடு, பிள்ளை, கோவிந்தர் என்று இங்கே பழகிவிட்டோம், ஆனால் சென்னையில் அச்சான புத்தகத்தில் ஆசிரியருக்கு இனிஷியல்தான் இருக்கும். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டால் அந்த எழுத்தாளரை ஒருவராலும் தேட முடியாது. சொந்தப் பெயரிலேயே பதியுங்கள். இன்னொன்று, சில மென்பொருள் தமிழை யூனிகோடு எண் வரிசையில் அடுக்கும். அதில் 'ன' வந்து 'ந'வுக்கு அடுத்து உட்கார்ந்துகொள்ளும், 'வ' போய் 'ழ'வுக்குப் பின்னால் நிற்கும். அரிச்சுவடி படித்த பிள்ளைக்குக் குழப்பம். சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிள்ளைகளின் பெயர், வகுப்பு, எடுத்த புத்தகம் இதெல்லாம் தனிநபர் தகவல். போப்பியா என்ற தகவல் பாதுகாப்புச் சட்டம் இதற்கும் பொருந்தும். நோட்டை மேசை மேல் திறந்து போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

டோங்காட்_வாத்தியார் | அக்டோபர் 11, இரவு 8.44

கோயில் பள்ளியில் மாலை வகுப்பு எடுக்கிறேன். தமிழ்த் தட்டு பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன்.

நம் பிள்ளைகளின் நிலைமையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஐஸ்டெட்ஃபோட் என்ற கலைப்போட்டி மேடையில் திருக்குறளைக் கணீரென்று சொல்லும் பிள்ளைக்கு அதன் பொருள் தெரியாது. எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள், புரியாது. வீட்டில் பேசுவது ஆங்கிலம். இந்தப் பிள்ளைக்கு ஊரில் எட்டு வயதுப் பிள்ளை படிக்கும் கதைப்புத்தகத்தைக் கொடுத்தால் இரண்டாம் பக்கத்திலேயே மூடிவிடும். நான் இதே தவறைப் பல வருடம் செய்தேன். சென்னை போகும்போதெல்லாம் பெட்டி நிறைய வாங்கி வருவேன், அவை புத்தம் புதிதாக இன்னும் அலமாரியில் இருக்கின்றன.

பக்கத்துக்கு ஒரு வரி, பெரிய எழுத்து, பெரிய படம், கீழே ஆங்கிலம். அப்படிப்பட்ட இருமொழிப் புத்தகங்களைச் சென்னையில் தூலிகா போன்ற பதிப்பகங்கள் போடுகின்றன. பிரதம் புக்ஸ் 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன, படிநிலை வாரியாகப் பிரித்திருப்பார்கள், அச்சிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. வண்ணத்தில் அச்சிட்டு நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் அடித்தால் புத்தகம் தயார். நான் 20 கதை அப்படிச் செய்து வைத்திருக்கிறேன். கிழிந்தால் மறுபடி அச்சிடலாம் என்பதால் பிள்ளைகள் கையில் பயமில்லாமல் கொடுக்க முடிகிறது.

இடம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழைத் தனியாக ஒரு மூலையில், குத்துவிளக்குப் படத்துக்குக் கீழே வைக்காதீர்கள். நூலகங்களில் புத்தகத்தைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி வகைப்பாட்டில் தமிழ் மொழிக்கு எண் 494.811. ஜூலுவுக்கு 496.3986. நடுவில் 495 மட்டும்தான், அது சீனம், ஜப்பானியம் போன்ற மொழிகள். இலக்கியத்திலும் அப்படியே, 894ம் 896ம். எண்படி அடுக்கினாலே தமிழும் ஜூலுவும் அடுத்தடுத்துத் தோளோடு தோள் நிற்கும். நம் பள்ளிகளில் இப்போது படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீட்டு மொழி ஜூலு என்று வகுப்பறைக்குள் போனாலே தெரியும். ஒரே தட்டில் இரண்டும் இருக்கட்டும்.

நூலகம் என்ற உடனே எனக்கு நினைவு வருவது சீர்காழிக்காரர் எஸ். ஆர். இரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931ல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே. ஆயா சொல்வதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

நெல்லைப்பெண்_டர்பன் | அக்டோபர் 26, மாலை 4.20

மன்னிக்கவும், இரண்டு வாரமாக அந்த அறையிலேயே இருந்தோம். எல்லோருக்கும் நன்றி. ஆயா, நீங்கள் சொன்னபடி ஒன்றும் வாங்கவில்லை. குப்பைப் பைகளும் மாஸ்க்கும் மட்டும்தான்.

பெட்டிகளைப் பிரித்து எண்ணினோம். 2,940 புத்தகம். ஒரே பாடநூலின் 60 பிரதிகள், பாதி உலகத்துக்குப் பெயர் மாறிவிட்ட நிலப்படநூல், சோவியத் யூனியன் இன்னும் இருக்கும் கலைக்களஞ்சியம். தென்னாப்பிரிக்கா பற்றிய ஒரு புத்தகத்தில் மக்களை இனவாரியாகப் பிரித்து எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, உதவிக்கு வந்த ஜூலு அம்மா ஒருவர் ஒன்றும் பேசாமல் அதை மூடி என் கையில் கொடுத்தார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

எதைத் தூக்கிப் போடுவது என்பதில் எங்களுக்குள் பெரிய சண்டை. புத்தகத்தைக் குப்பையில் போடலாமா, சரஸ்வதி அல்லவா, கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிறோமே என்று ஓர் அம்மா. எனக்கும் உள்ளூர அதே எண்ணம்தான். ஆயா, எப்படி முடிவு செய்வது?

சட்ஸ்வர்த்_ஆயா | அக்டோபர் 26, இரவு 9.00

கால் பட்டால் நானும் தொட்டுக் கும்பிடுவேன். ஆனால் பொய் சொல்லும் புத்தகத்தைப் பிள்ளை கையில் கொடுப்பதுதான் சரஸ்வதிக்குச் செய்யும் குற்றம்.

ஒவ்வொன்றையும் கையில் எடுத்து இப்படிக் கேள். இதில் இருப்பது இன்றைக்கும் உண்மையா? பிள்ளை விரும்பித் தொடும் நிலையில் இருக்கிறதா? பூஞ்சையோ பூச்சியோ இருக்கிறதா? நம் பிள்ளைகளுக்கு இது தேவையா? பூஞ்சை பிடித்ததை யோசிக்காமல் வெளியேற்று, பக்கத்தில் இருப்பதற்கும் பரவும், பிள்ளைகளுக்கு மூச்சிளைப்பு வரும். பழைய அறிவியல், புவியியல், மருத்துவம் போய்விடட்டும். கதைகளுக்கு வயது பார்க்காதே, நல்ல கதை 50 வருடம் நிற்கும்.

இனவாரியாக எழுதிய அந்தப் புத்தகத்தை மட்டும் குப்பையில் போடாதே. அதை ஆவணக் காப்பகத்துக்கோ உயர்நிலைப் பள்ளி வரலாற்று ஆசிரியருக்கோ கொடு. நமக்கு என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்பதற்குச் சாட்சி அது. ஆறு வயதுப் பிள்ளையின் தட்டில் அதற்கு இடமில்லை.

கழித்ததையெல்லாம் நோட்டில் எழுதி, எஸ்.ஜி.பி. கூட்டத்தில் ஒப்புதல் வாங்கிவிடு. அது பள்ளிச் சொத்து, நாளைக்கு யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

வெருலம்_வேணி | அக்டோபர் 27, காலை 10.10

இராமபாணப் பூச்சி பற்றி ஒரு வார்த்தை. இங்கே ஃபிஷ்மாத் என்பார்களே, அதுதான். டர்பன் ஈரத்துக்கு இது நிச்சயம் வரும். மலைவேம்பு இலையை, அதாவது இங்கே சிரிங்கா என்பதை, தட்டில் போட்டுப் பார்த்தேன். என் அனுபவத்தில் பலனில்லை. பூச்சி இருக்கும் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தேன். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒருநாள் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் வியர்த்துவிடும். அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டாமல் ஒரு கை நுழையும் அளவு தள்ளிப் போடுங்கள், காற்று ஓடட்டும். தட்டை முழுக்க நிரப்பாதீர்கள், முக்கால் பங்கு போதும்.

இசிப்பிங்கோ_தாத்தா | அக்டோபர் 29, மாலை 6.35

அடித்தட்டில் புத்தகமே வைக்காதே அம்மா. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் கோயில் பள்ளியில் முழங்கால் உயரம் தண்ணீர். கீழ்த்தட்டில் இருந்ததெல்லாம் கூழாகிவிட்டது. என் அப்பா கைப்பட எழுதிவைத்த தேவார நோட்டும் அதில் போனது. மேலே இருந்தது தப்பித்தது. கீழே கூடை, பாய், மெத்தை வைத்துக்கொள்.

இன்னொரு யோசனை. அறையில் ஒரு சின்ன இடம் நம் ஊர்க் கதைக்கு ஒதுக்கு. 1860 நவம்பர் 16ல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்தது முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எண், அப்பா பெயர், வயது, கிராமம் எல்லாம் உண்டு. வெஸ்ட்வில்லில் இருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் அந்தப் பட்டியலைப் பார்க்கலாம். என் தாத்தாவின் எண்ணை அங்கேதான் கண்டுபிடித்தேன். வட ஆற்காடு ஜில்லா என்று போட்டிருந்தது. எனக்கு அப்போது வயது 61. கிரேடு 6, 7 பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வரச் சொல், அதைப் பைண்ட் செய்து தட்டில் வை. ஜூலுப் பிள்ளைகள் அவர்கள் கோகோவிடம், அதாவது பாட்டியிடம், கேட்டு எழுதட்டும். எங்கேயும் விலைக்குக் கிடைக்காத புத்தகம் அது.

இங்கே பழைய பள்ளிகள் பலவும் நம் பெரியவர்கள் வீடு வீடாகக் காசு திரட்டி, செங்கல் சுமந்து கட்டியவை. சுவரைக் கட்டிவிட்டுத்தான் அரசிடம் வாத்தியார் சம்பளம் கேட்பார்கள். அதுவும் பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

கேப்டவுன்_வாசகன் | நவம்பர் 2, இரவு 10.25

இழை முழுக்கப் படித்தேன். நீங்கள் செய்வதை மனதார மதிக்கிறேன். ஆனால் ஒரு சங்கடத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2008ல் இங்கே கயெலிட்ஷாவில் தொடங்கிய ஈக்வல் எஜுகேஷன் இயக்கம், அடுத்த வருடமே ஒரு பள்ளி, ஒரு நூலகம், ஒரு நூலகர் என்று கேட்டு மாணவர்களைத் திரட்டியது. அந்தப் பிள்ளைகள் சீருடையோடு ஊர்வலம் போனதை நேரில் பார்த்தேன். பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2013 நவம்பர் 29ல் பள்ளிக் கட்டமைப்புக்கான குறைந்தபட்ச விதிமுறைகள் வந்தன. பத்து வருடத்துக்குள் எல்லாப் பள்ளிக்கும் நூலகம் என்றார்கள். அந்தப் பத்து வருடம் முடிந்துவிட்டது. கட்டடத்துக்கு விதி வந்தது, நூலகர் பணியிடத்துக்கு அதில் ஒரு வரி இல்லை. 2021ல் நடந்த பேர்ல்ஸ் என்ற சர்வதேச வாசிப்புத் திறன் ஆய்வில் நம் கிரேடு 4 பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் பொருள் புரிந்து படிக்க முடியாத நிலையில் இருந்தார்கள்.

இந்த நிலையில் உணவுத் திருவிழாப் பணத்தில் நூலகருக்குச் சம்பளம் கொடுத்தால், அரசு செய்ய வேண்டியதைச் செய்யாமல் தப்பிக்க நாமே வழிவிடுகிறோம். காசு திரட்ட முடிந்த பள்ளிக்கு நூலகம் கிடைக்கும். உங்களுக்குப் பக்கத்தில், கறுப்பின மக்கள் வாழும் குவா மாஷுவில் இருக்கும் பள்ளி என்ன செய்யும்?

சட்ஸ்வர்த்_ஆயா | நவம்பர் 3, காலை 6.20

தம்பி, நீ கேட்டது சரியான கேள்வி. இரவெல்லாம் அதே யோசனை.

ஆனால் இப்போது கிரேடு 3ல் இருக்கும் பிள்ளைக்கு, அரசு பணியிடம் கொடுக்கும்வரை கிரேடு 3லேயே காத்திருக்க முடியாது. நாங்கள் காத்திருந்து பார்த்துவிட்டோம், 25 வருடம் போய்விட்டது.

அதனால் இரண்டையும் செய்யட்டும். ஆளையும் வைக்கட்டும், அந்தச் செலவைக் காட்டி மாகாணக் கல்வித்துறைக்கு எழுதவும் எழுதட்டும். குவாசூலு-நடாலில் எலிட்ஸ் பிரிவு இருக்கிறது, பள்ளி நூலகங்களுக்கு அதுதான் பொறுப்பு. நூலகத்துக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை, வாரம் போன இரவல், ஆளுக்கு ஆன செலவு, இந்த மூன்றையும் மாதாமாதம் எழுதிவைத்தால், போராடுகிறவர்கள் கையில் அது ஆதாரம். 2020 டிசம்பரில் தொடங்கிய இளைஞர் வேலைவாய்ப்புத் திட்டத்தில் பள்ளிகளுக்கு வாசிப்பு உதவியாளர்களைக் கொடுத்தார்கள். சில மாத ஒப்பந்தம்தான், ஆனால் மறுபடி வந்தால் முதல் ஆளாக விண்ணப்பிக்க வேண்டும்.

குவா மாஷு பற்றி, நெல்லைப்பெண்ணே, கழிக்காத புத்தகத்தில் இரண்டு மூன்று பிரதி இருப்பதைப் பக்கத்துப் பள்ளியோடு பங்கிட்டுக்கொள். நல்லதைக் கொடு, நாம் வேண்டாம் என்றதை அல்ல.

நெல்லைப்பெண்_டர்பன் | டிசம்பர் 6, இரவு 8.00

நிலவரம். கழித்தது போக 1,130 மிஞ்சியது. சர்வதேச நூலகச் சங்கம் 2002ல் வெளியிட்ட வழிகாட்டியில் பிள்ளைக்குப் பத்துப் புத்தகம் என்று போட்டிருந்ததாகத் தலைமையாசிரியர் சொன்னார். அப்படிப் பார்த்தால் எங்களுக்கு 8,000 வேண்டும். அதைக் கேட்டதும் ஒருநாள் முழுக்கச் சோர்ந்துபோனேன். பிறகு, முதல் வருடம் கிரேடு 3, 4 மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும், மற்ற வகுப்புகள் அறையிலேயே படிக்கட்டும் என்று முடிவு செய்தோம். அந்த இரண்டு வகுப்பிலும் சேர்த்து 200 பிள்ளைகள், அதற்கு 1,130 போதும்.

எஸ்.ஜி.பி.யில் இரண்டு மணி நேரம் வாக்குவாதம். "புத்தகம் வாங்க வைத்த பணத்தைச் சம்பளமாகக் கொடுப்பதா?" என்றார்கள். ஆயாவின் பூஞ்சைக் கதையை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும், மெட்ரிக் முடித்த ஜூலுப் பெண் ஒருவர் வருகிறார். ஆங்கிலம், ஜூலு இரண்டிலும் கதை வாசித்துக் காட்டச் சொன்னோம். ஜூலுவில் வாசித்தபோது அறையில் இருந்த மூன்று பிள்ளைகள் தரையில் நகர்ந்து நகர்ந்து அவர் காலடிக்கே போய்விட்டார்கள். அதற்கு மேல் வேறு யாரையும் பார்க்கவில்லை.

மீதி 12,000 ராண்டில் பெரும்பகுதி ஜூலுப் புத்தகம். விலையும் அதிகம், அதற்கு மேல் 15 சதவீத வாட். புக் டேஷ் என்ற அமைப்பின் சிறுவர் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிட்டதில் கொஞ்சம் மிச்சமானது. தமிழுக்கு வாத்தியார் ஐயா 20 கதையும் அனுப்பிவிட்டார், நன்றி ஐயா.

எப்படி அடுக்குவது என்பதில்தான் இன்னும் தெளிவில்லை. 494.811 என்ற எண்ணை ஆறு வயதுப் பிள்ளை எப்படிப் படிக்கும்?

சட்ஸ்வர்த்_ஆயா | டிசம்பர் 6, இரவு 9.30

படிக்க வேண்டாம். கதைப்புத்தகத்துக்கு எண்ணே வேண்டாம். முதுகில் வண்ணப் பொட்டு ஒட்டு: ஒரு வரிக் கதைக்கு மஞ்சள், பத்தி பத்தியாக வருவதற்குப் பச்சை, அத்தியாயம் வைத்த கதைக்கு நீலம். தகவல் புத்தகத்துக்கு மட்டும் டூயி, அதுவும் புள்ளிக்கு முன்னால் மூன்று எண் போதும். சின்னப் புத்தகங்களை முதுகு தெரிய அடுக்காதே, அட்டை தெரியக் கூடையில் நிறுத்து. பிள்ளைகள் படத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள்.

அபராதம் போடாதே. ஐந்து ராண்ட் அபராதத்துக்குப் பயந்து புத்தகமே எடுக்காமல் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். தொலைந்தால் வீட்டுக்கு ஒரு கடிதம், அதோடு சரி. அம்மாக்களைப் பழைய துணியில் பை தைக்கச் சொல், புத்தகம் டிஃபன் பாக்ஸோடு சேராமல் இருக்கும்.

நெல்லைப்பெண்_டர்பன் | பிப்ரவரி 14, காலை 11.40

ஜனவரி மூன்றாவது வாரம் திறந்தோம். நேற்றோடு நான்கு வாரம். 24 வகுப்புக்கும் டைம்டேபிளில் இடம் கிடைத்துவிட்டது. இரண்டு இடைவேளையிலும் கதவு திறந்திருக்கிறது. கிரேடு 7 பிள்ளைகள் பத்துப் பேர் முறை வைத்து அடுக்கித் தருகிறார்கள்.

இரவல் போனது 612, திரும்பாதது 9. தமிழ், ஜூலு இரண்டும் ஒரே கூடை வரிசையில். வாத்தியார் ஐயா, உங்கள் காக்கைக் கதையை மூன்று வாரமாக மாற்றி மாற்றி எடுப்பது தமிழ்ப் பிள்ளை இல்லை, கிரேடு 3ல் படிக்கும் ஒரு ஜூலுப் பையன். எழுத்து வரைந்து பார்க்க ஆசையாம். 'க' வரைந்து காட்டினான், அச்சு மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை இரண்டாம் இடைவேளையில் அவனுடைய கோகோ வந்து ஜூலுவில் கதை சொல்கிறார். போன வாரம் என் மகனும் போய் உட்கார்ந்தான்.

துறைக்குக் கடிதம் போய்விட்டது, கேப்டவுன் அண்ணா. பதில் வரவில்லை. மாதாமாதம் எண்ணிக்கையோடு அனுப்பிக்கொண்டே இருப்போம்.

மிட்ராண்ட்_குமரன் | பிப்ரவரி 14, இரவு 7.05

படித்ததும் என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். ஈஸ்டர் விடுமுறைக்கு டர்பன் வருகிறோம். ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, கிவிக்ஸ் மென்பொருள் வழியாகத் தமிழ், ஜூலு, எளிய ஆங்கில விக்கிப்பீடியாக்களை அதில் ஏற்றிக் கொண்டுவருகிறேன். இணையம் இல்லாமலே அறைக்குள் நாலைந்து டேப்லெட்டில் பார்க்கலாம், சின்ன பேட்டரியிலேயே ஓடும். உள்ளங்கை அளவுதான், மாலையில் அலுவலகப் பெட்டகத்தில் வைத்துவிடலாம். அறையில் வேலை செய்யும் பிளக் பாயிண்ட் எத்தனை இருக்கிறது?

நெல்லைப்பெண்_டர்பன் | பிப்ரவரி 14, இரவு 7.50

இரண்டு. ஒன்று ஜன்னலோரம், மழைச் சாரல் அடிக்கும். கதவுக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. எக்ஸ்டென்ஷன் கேபிள் நான் வாங்கி வைத்துவிடுகிறேன், நீங்கள் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.